ஆங்கில நிறைவுச் சொற்களும் தமிழ் 'முழுமை'யும்: இருமொழி அகராதி மரபு குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் இருப்பது ஒரு மொழியின் வளத்திற்குச் சான்று என்பர். அப்பல சொற்களும் மற்றொரு மொழியில் ஒரே சொல்லாகப் பெயர்க்கப்படும்போது அவ்வளம் எங்குச் சென்று மறைகின்றது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. ஆங்கிலத்தில் ஒன்றன் நிறைவையோ மிகுதியையோ சுட்டுதற்கு 'அட்டர்', 'ஷியர்', 'அப்சலூட்', 'டோட்டல்', 'கம்ப்ளீட்', 'பெர்ஃபெக்ட்', 'தரோ', 'என்டயர்', 'ஸ்டார்க்', 'டவுன்ரைட்' முதலிய பெயரடைகள் வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாக ஒரே நிரலில் அடுக்கித் தரும் கையேடுகள் பல. இவற்றிற்குத் தமிழில் நிகரன் தரும் இருமொழி அகராதிகளும் 'முழுமையான', 'முற்றிலுமான' என்னும் இரண்டு சொற்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

இவ்வழக்கத்தால் விளையும் இழப்பு எத்தகையது, அதனை ஈடுசெய்யும் ஆற்றல் தமிழில் உண்டா, அகராதியாளர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இலக்கியப் பெயர்ப்பில் இவ்விழப்பு சுவை இழப்பாக நின்றுவிடலாம். அறிவியலிலும் சட்டத்திலும் அது பொருள் இழப்பாகவே முடிகின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. நிரல் மரபின் தோற்றம்

ஆங்கிலச் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்த முன்னோடி பீட்டர் மார்க் ரோஜெட் என்னும் மருத்துவர் ஆவார். அவருடைய சொற்களஞ்சியம் 1852இல் வெளிவந்தது. கருத்துகள் அனைத்தையும் ஆறு பெரும் வகுப்புகளாகவும் அவற்றின்கீழ் ஆயிரம் தலைப்புகளாகவும் அவர் பகுத்தார். அப்பகுப்பில் 'பெருமை' அல்லது 'மிகுதி' என்பது ஒரு தலைப்பு. 'முழுமை' மற்றொரு தலைப்பு. 'நிறைவு' வேறொரு தலைப்பு. எழுத விரும்புவோன் தன் கருத்துக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்துகொள்ளத் துணைசெய்வதே அவர் நோக்கம். ஒரு தலைப்பின்கீழ் வருவன யாவும் ஒன்றற்கு மற்றொன்று மாற்றாக நிற்கும் என அவர் கொள்ளவில்லை.

பின்னர் எழுந்த அகரநிரல் கையேடுகள் இப்பகுப்பைக் கைவிட்டன. 'நிறைவு', 'மிகுதி' என்னும் இரண்டும் ஒரே பத்தியில் கலந்தன. மாணவர் இந்நிரலை மனப்பாடம் செய்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்யலாம் என நம்பலாயினர்.

தமிழுக்கு இத்தகைய தொகுப்பு புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒருபொருட் பல்பெயர்களைத் தொகுத்தளித்தன. ஆயினும் நிகண்டு கற்றோர் அதனுடன் இலக்கியத்தையும் கற்றனர். சொல் எங்கே எவ்வாறு ஆளப்பட்டது என்பது செய்யுட் பயிற்சியால் விளங்கிற்று. இருமொழி அகராதியைத் துணைக்கொள்ளும் இன்றைய மாணவருக்கோ அப்பயிற்சி வாய்ப்பதில்லை. நிரல் மட்டுமே அவர் கையில் எஞ்சுகின்றது.

3. நிறைவும் மிகுதியும்

இந்நிரல்களின் முதற்குறை, வேறுபட்ட இரு பொருள்களை ஒன்றாக்குவதாகும். நிறைவு என்பது எல்லையை எட்டிய நிலை. மிகுதி என்பது அளவில் உயர்ந்த நிலை. அதற்கு மேலும் உயர இடம் உண்டு. 'கம்ப்ளீட் சைலன்ஸ்' என்னும் அமைதிக்கு மேல் ஓர் அமைதி இல்லை. 'இன்டென்ஸ் பெயின்' என்னும் வலிக்கு மேலும் கடிய வலி உண்டு. 'இன்டென்ஸ்' என்பதன் இலத்தீன் மூலம் இழுத்து முறுக்கப்பட்டது என்னும் பொருளது; நாணை மேலும் முறுக்கலாம் என்பதை எண்ணுக. 'கம்ப்ளீட்' என்பதன் மூலம் நிரப்பப்பட்டது என்னும் பொருளது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற இயலாது.

குவெர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம், மிகுவிக்கும் சொற்களை எல்லையைச் சுட்டுவன, அளவை உயர்த்துவன என இரண்டாகப் பிரிக்கின்றது. இப்பிரிவு தமிழுக்கும் பொருந்துவதே. 'மிகவும் குளிர்ந்தது' என்பது தமிழ். 'மிகவும் இறந்தது' என்பது தமிழன்று. 'முற்றிலும் அழிந்தது' என்பது இயல்பு. 'முற்றிலும் உயரமான மனிதர்' என்பது வழு. ஆகவே ஆங்கிலப் பெயரடை எதுவாயினும் 'முழுமையான' என எழுதுவோர், ஆங்கிலத்தின் வேறுபாட்டை மட்டுமன்றித் தமிழின் வேறுபாட்டையும் மீறுகின்றனர். 'முழுமையான வலி', 'முழுமையான வெப்பம்' முதலிய தொடர்கள் மொழிபெயர்ப்பு நூல்களில் வேற்று ஒலியுடன் நிற்பதன் காரணம் இதுவேயாகும்.

4. சொற்பிறப்பு காட்டும் வழிகள்

இச்சொற்கள் யாவும் ஒரே வழியில் வந்து சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தான் வந்த வழியின் சுவட்டைத் தாங்கி நிற்கின்றது.

'அட்டர்' என்பது 'வெளி' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லின் ஒப்பீட்டு வடிவம். 'மேலும் வெளியே உள்ளது' என்பது அதன் பழம்பொருள். எல்லைக் கோட்டிற்கு நகர்ந்து நிற்பது இச்சொல். 'ஷியர்' என்பது ஒளிர்வு, தெளிவு, கலப்பின்மை என்னும் பொருள்களின் வழி வந்தது. மெல்லிய துணியை இச்சொல்லால் குறிப்பதும் இவ்வழியினதே. 'அப்சலூட்' என்பது இலத்தீனில் கட்டவிழ்க்கப்பட்டது, பிறிதொன்றின் பிணிப்பினின்று நீங்கியது என்னும் பொருளுடையது. 'என்டயர்' தீண்டப்படாதது, 'பெர்ஃபெக்ட்' செய்து முடிக்கப்பட்டது. 'தரோ' என்பது 'ஊடாக' எனப் பொருள்படும் 'த்ரூ' என்பதன் மற்றொரு வடிவம். ஒரு முனையினின்று மறுமுனைவரை ஊடுருவிச் செல்வது. ஆங்கிலத்தில் மிகுதி உணர்த்தும் சொற்களுள் தலையாய 'வெரி' என்பதுகூட 'உண்மையான' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததே. 'அலைந்து திரியும்' எனப் பொருள்பட்ட 'எரன்ட்' என்னும் சொல், திரிந்து கொள்ளையிடும் திருடனுக்கு அடையாகி, 'அரன்ட்' என வடிவம் திரிந்து, பின்னர் 'பேர்போன', 'கடைந்தெடுத்த' என்னும் பொருளை அடைந்தது.

தமிழ் வழக்கிலும் இத்தகைய வழிகளே காணப்படுகின்றன என்பது வியப்புக்குரியது. கலப்பின்மையின் வழி வந்தவை 'சுத்தப் பொய்', 'வடிகட்டிய முட்டாள்' என்பன. வடிகட்டிய பொருளில் வேறொன்றும் கலந்திராது. ஆகவே அம்முட்டாளிடம் முட்டாள்தனம் தவிரப் பிறிதொன்றும் இல்லை. வேகாத, மாற்றப்படாத நிலையின் வழி வந்தது 'பச்சைப் பொய்'. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கும் செயலின் வழி வந்தது 'கடைந்தெடுத்த அயோக்கியன்'. அடிப்பகுதியின் வழி வந்தவை 'அடிமுட்டாள்', 'அடியோடு' என்பன. உண்மை, பொருத்தம் என்பவற்றின் வழி வந்தது 'சரியான முட்டாள்' என்பது. முட்டாளிடம் சரியானது யாதுமில்லை எனினும், முட்டாள் என்னும் பெயருக்கு அவன் சரியாகப் பொருந்துகின்றான் என்பதே கருத்து. ஆங்கிலத்தில் 'பெர்ஃபெக்ட் ஃபூல்' என்பதும் இவ்வாறு அமைந்ததே. இங்ஙனம் இரு மொழிகளும் தனித்தனியே ஒத்த வழிகளில் சென்றிருக்க, அகராதிகள் அவ்வழிகளை விடுத்து 'முழுமையான' என்னும் ஒரே சாலையில் எல்லாவற்றையும் செலுத்துவது வருந்தத்தக்கது.

5. சேர்க்கையும் மனப்பான்மையும்

5.1 ஒரு சொல்லின் பொருளை அதனோடு கூடிவரும் சொற்களைக் கொண்டே அறியவேண்டும் என்பது ஆங்கில மொழியியலறிஞர் ஃபெர்த்தின் கொள்கை. இக்கொள்கையைப் பெருந்தரவுகளின் துணைகொண்டு வளர்த்தவர் ஜான் சின்க்ளேர். அவர் தலைமையில் உருவான 'கோபில்ட்' அகராதி 1987இல் வெளிவந்தது. வில்லியம் லோ என்பார் 1993இல் எழுதிய கட்டுரையில், 'அட்டர்லி' என்னும் வினையடை பெரும்பாலும் தீயவற்றோடு சேர்ந்துவரும் பான்மையை எடுத்துக்காட்டினார். குழப்பம், பிதற்றல், தோல்வி, நம்பிக்கையின்மை, அழிவு என்பனவே 'அட்டர்' என்பதன் வழக்கமான துணைகள். மகிழ்ச்சியோடு அது சேர்வதும் உண்டு. எனினும் துன்பத்தோடு சேர்வதே பெரும்பான்மை.

இதனை 'முழுமையான தோல்வி' எனப் பெயர்ப்பதில் பிழையில்லை என ஒருவர் கூறலாம். ஆனால் தமிழில் 'முழுமை' நற்பொருள் சார்ந்த சொல். முழுமதி, முழுமனம், முழுநலம் என்பவற்றில் அது பயில்கின்றது. 'முழுமையான மனிதர்' என்பது புகழ்ச்சி. இகழ்ச்சி நிறைந்த இடத்தில் இச்சொல்லைப் பெய்யும்போது எழுதியவரின் மனப்பான்மை நீங்கிவிடுகின்றது. 'படுதோல்வி' என்பது தமிழர் வாயில் இயல்பாக வருவது. 'படுமோசம்', 'படுபாவி', 'படுகுழி' என வரும் 'படு' என்னும் முன்னொட்டு பெரும்பாலும் தீயவற்றை நாடுகின்றது. 'அட்டர்' என்பதன் பான்மைக்கு மிக நெருங்கியது. அவ்வாறே 'அட்டர் கன்ஃபியூஷன்' என்பதற்குப் 'பெருங்குழப்பம்' எனலாம். பேச்சுநடை வேண்டுமிடத்து 'ஒரே குழப்பம்' எனலாம். 'ஒரே' என்பது ஈண்டு எண் குறித்ததன்று. குழப்பமன்றிப் பிறிதில்லை என்பதே பொருள்.

5.2 சிட்னி கிரீன்பாம் 1970இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில வினைகளும் மிகுதி உணர்த்தும் வினையடைகளும் சேரும் முறையைச் சோதனை வழியே கண்டறிய முயன்றது. தொடரின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து எஞ்சியதை நிரப்புமாறு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடம் கேட்டபோது, 'என்டயர்லி' என்பதை அடுத்து உடன்படுதலும், 'கம்ப்ளீட்லி' என்பதை அடுத்து மறத்தலும், 'பேட்லி' என்பதை அடுத்துத் தேவைப்படுதலும் மிகுதியாக வந்தன.

இச்சோதனையைத் தமிழில் மனத்தளவில் செய்து பார்க்கலாம். 'அடியோடு' என்றதும் நம் மனத்தில் எழுவன மறந்தேன், வெறுத்தேன், அழிந்தது, ஒழிந்தது என்பன. 'அடியோடு உடன்படுகின்றேன்' என எவரும் கூறார். 'அறவே' என்றதும் இல்லை, பிடிக்காது, ஒழிந்தது எனும் எதிர்மறைகளே எழுகின்றன. 'முற்றிலும்' என்பது இருபாற் பொது. 'முற்றிலும் உண்மை', 'முற்றிலும் தவறு' என இரண்டும் வரும். 'கூண்டோடு' என்பது ஒரு குழுவினர் அனைவரும் விலகும்போதோ பிடிபடும்போதோ வருவது. 'பூண்டோடு' என்பது அழித்தலுக்கே உரியது. ஆகத் தமிழில் நிறைவுச் சொற்கள் இல்லாமல் இல்லை. அவற்றின் சேர்க்கை விதிகள் எழுதி வைக்கப்படாமையே குறை. தாய்மொழியாளர் காதால் அறிந்த இவ்விதிகளை, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர் எந்நூலில் காண்பர்?

5.3 'ஷியர்' என்பது தனித்து நோக்கத்தக்கது. இது பெரும்பாலும் அளவு, எடை, ஆற்றல், விடாமுயற்சி, நல்வாய்ப்பு போன்ற பெயர்களோடு கூடி, ஒன்று நிகழ்ந்ததற்கான காரணத்தைச் சுட்டுகின்றது. ஒருவர் 'ஷியர் ஹார்ட் ஒர்க்' என்பதால் முன்னேறினார் எனில், உழைப்பைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் துணையில்லை என்பது கருத்து. இதனை 'முழு உழைப்பால் முன்னேறினார்' எனப் பெயர்த்தால், தம் ஆற்றல் அனைத்தையும் செலுத்தினார் என்னும் வேறு பொருள் தோன்றும். 'வெறும் உழைப்பால்' என்றாலோ உழைப்பு இழிவுபடும். இரண்டும் பொருந்தா. 'உழைப்பு ஒன்றாலேயே முன்னேறினார்' என்பதே செம்மையான பெயர்ப்பாகும். ஆங்கிலம் ஒரு பெயரடையால் செய்வதைத் தமிழ் 'ஒன்று' என்னும் சொல்லாலும் பிரிநிலை ஏகாரத்தாலும் செய்துமுடிக்கின்றது. சொல்லுக்குச் சொல் தேடும் அகராதி ஏகாரத்தை ஒருபோதும் நிகரனாகத் தராது. இருமொழி அகராதிகளின் அடிப்படைக் குறை இங்கே வெளிப்படுகின்றது எனலாம்.

5.4 இடவரையறையும் கருதத்தக்கது. 'அட்டர்', 'ஷியர்' என்பன பெயருக்கு முன் மட்டுமே அடையாக நிற்கும், பயனிலையாக வாரா. 'கம்ப்ளீட்' பயனிலையாக வரும். ஆயின் அப்போது 'முடிவுற்றது' என்பதே அதன் பொருள். தமிழிலும் 'முழுமூடன்' எனலாம். அதனையே மாற்றி 'அம்மூடன் முழுமையானவன்' எனின் பொருள் சிதையும். 'படு', 'அடி', 'கடு', 'கொடு' என்பனவும் முன்னொட்டாக ஒட்டியே நிற்பன. இவ்வொற்றுமையைச் சுட்டினால் கற்போர் எளிதில் உணர்வர்.

6. எதிர்ச்சொற் சோதனை: அறிவியலும் சட்டமும்

6.1 இதுகாறும் கூறியவை நடையழகு சார்ந்தவை எனச் சிலர் ஒதுக்கக்கூடும். கலைச்சொற்களுக்கு வரும்போது அவ்வாறு ஒதுக்க இயலாது. இங்குத் துணைசெய்வது எதிர்ச்சொற் சோதனை. 'டோட்டல்' என்பதற்கு எதிர் 'பகுதி'. 'கம்ப்ளீட்' என்பதற்கு எதிர் 'குறை'. 'தரோ' என்பதற்கு எதிர் 'மேலோட்டம்'. 'பெர்ஃபெக்ட்' என்பதற்கு எதிர் 'பழுதுடையது'. 'அப்சலூட்' என்பதற்கோ இடத்திற்கேற்ப மூன்று எதிர்கள் உள: 'சார்புடையது', 'நிபந்தனைக்குட்பட்டது', 'இடைக்காலத்தது'. எதிர் வேறாயின் பொருளும் வேறு என்பது தெளிவு.

6.2 காற்றின் ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். 'அப்சலூட்' ஈரப்பதம் என்பது ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீராவி உள்ளது என்னும் அளவு. இதற்கு இணையாக வைத்து எண்ணப்படுவது ஒப்பு ஈரப்பதம். அவ்வெப்பநிலையில் காற்று தாங்கவல்ல நீராவியின் அளவோடு ஒப்பிட்டு விழுக்காட்டில் கூறப்படுவது. முன்னதை 'முழு ஈரப்பதம்' என ஒருவர் பெயர்த்தால், மாணவர் அதனை நூறு விழுக்காடு ஈரம் செறிந்த நிலை எனப் பொருள்கொள்ள இடமுண்டு. உண்மையில் பாலைவனக் காற்றுக்கும் 'அப்சலூட்' ஈரப்பதம் உண்டு. 'தனி ஈரப்பதம்' என்பதே குழப்பம் தராத பெயர்ப்பு.

இக்கருத்தைத் தமிழ்க் கலைச்சொல்லாக்க முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றுகள் உள. −273.15 செல்சியஸ் பாகையைத் 'தனிச்சுழி' என வழங்கினர். கணிதத்தில் குறி நீங்கிய அளவைத் 'தனிமதிப்பு' என்றனர். கட்டவிழ்ந்தது, பிறிதொன்றைச் சாராதது என்னும் இலத்தீன் மூலப்பொருளுக்குத் 'தனி' என்பதே மிகப் பொருத்தமுடையது. அவையில் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர் ஆதரவை 'அறுதிப் பெரும்பான்மை' என வழங்கியதும் நன்று. 'முழுப் பெரும்பான்மை' எனின் அனைவரும் ஆதரித்தனர் என்று பொருள்படும். பத்திர நடையில் நிபந்தனையற்ற விற்பனையைச் 'சுத்தக் கிரயம்' என எழுதிய பழைய எழுத்தர்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்களே. 'தனி', 'அறுதி', 'சுத்த' என மூன்று துறைகளில் மூன்று சொற்கள். மூன்றும் அவ்வவ்விடத்து எதிர்ச்சொல்லை நோக்கி ஆக்கப்பட்டவை.

இத்தெளிவு எல்லாத் துறைகளிலும் நிலைபெறவில்லை. பொருளியலில் 'அப்சலூட்' வறுமையை 'முழு வறுமை' என எழுதுவோர் உளர். உயிர்வாழ்வுக்குத் தேவையான அளவை ஒரு கோடாக வரைந்து அதற்குக் கீழ் நிற்பதைக் குறிப்பது அக்கலைச்சொல். சமுதாயத்தில் பிறரோடு ஒப்பிட்டுக் கூறும் வறுமை அதற்கு எதிரானது. 'முழு வறுமை' என்பதைப் படிப்போர் யாதுமற்ற நிலை என எண்ணுவர். அந்நிலைக்கு ஆங்கிலத்தில் 'அப்ஜெக்ட்' என்னும் வேறு அடை உண்டு. தமிழில் 'கொடிய வறுமை' எனலாம்.

கணிதத்தில் நிலை வேறு. அங்கு 'ஹோல்' எண் 'முழு எண்' ஆகின்றது. 'பெர்ஃபெக்ட்' வர்க்கம் 'முழு வர்க்கம்' ஆகின்றது. இயற்பியலில் 'டோட்டல்' அக எதிரொளிப்பு 'முழு அக எதிரொளிப்பு' ஆகின்றது. வரையறை உடன் தரப்படுவதால் இவற்றால் பெருங்கேடு இல்லை. ஒரு சொல் பல இடங்களில் வருவது மட்டுமே குற்றமாகாது. எதிர்ச்சொல்லை மறைத்துவிடும்போதே அது குற்றமாகின்றது.

6.3 சட்டத்துறையில் இதன் விளைவு மக்களைத் தொடுகின்றது. தீங்கியல் சட்டத்தில் 'ஸ்ட்ரிக்ட்' பொறுப்பு, 'அப்சலூட்' பொறுப்பு என இரண்டு உண்டு. முன்னது 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை முடிவுசெய்த ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கின் வழி வந்தது. தீங்கு விளைக்கவல்ல பொருளைத் தன் நிலத்தில் வைத்திருப்பவர், அது வெளியேறித் தீங்கு செய்தால், கவனக்குறைவு இல்லாவிடினும் பொறுப்பாவார். எனினும் இயற்கைப் பேரிடர், அயலார் செயல், பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு, அவருடைய இசைவு போன்ற விலக்குகள் அதற்கு உண்டு. பின்னது இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1985 திசம்பரில் தில்லியில் ஒரு தொழிற்சாலையினின்று ஓலியம் வாயு கசிந்தது. போபால் பேரழிவு நிகழ்ந்து ஓராண்டே ஆகியிருந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1986 திசம்பரில் தலைமை நீதிபதி பகவதி உள்ளிட்ட ஐவர் அமர்வு, பேரிடர் விளைக்கவல்ல தொழிலை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக்கு அவ்விலக்குகளுள் எதுவும் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது.

இவ்விரண்டையும் முறையே 'கடுமையான பொறுப்பு', 'முழுமையான பொறுப்பு' எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் கொள்ளும் பொருள் யாது? 'கடுமை' அச்சம் தரும் சொல். 'முழுமை' அமைதியான சொல். ஆகவே முன்னதே வலிமை மிக்கது என அவர் எண்ணுவார். உண்மை அதற்கு நேர்மாறானது. வாயுக் கசிவால் கண்ணிழந்த ஒருவர், தமக்குள்ள உரிமையைத் தமிழில் படித்தறிய முற்படும்போது, அவருக்கு வேண்டுவது 'விலக்கற்ற பொறுப்பு' என்னும் சொல்லேயாகும். 'விலக்குடைப் பொறுப்பு', 'விலக்கற்ற பொறுப்பு' என இரண்டையும் இணையாக வைத்தால், வேறுபாடு சொல்லிலேயே புலப்படும். அகராதி வழியே 'அப்சலூட்' என்பதற்கு நிகரன் தேடினால் இச்சொல் கிட்டாது. எதிர்ச்சொல் வழியே தேடினால்தான் கிட்டும்.

இதனோடு ஒப்ப நோக்கத்தக்கது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 'டோட்டல் டிஸேபிள்மென்ட்' என்னும் தொடர். விபத்து நேர்ந்த காலத்தில் தொழிலாளி செய்யவல்லவராக இருந்த எல்லா வேலைகளுக்கும் தகுதியிழத்தலை அது குறித்தது. உடல் முழுவதும் ஊனமுறுதல் அதன் பொருளன்று. 'முழு ஊனம்' எனப் பெயர்ப்பின், ஒரு கையும் இரு கால்களும் நன்றாக உள்ளவர் தமக்கு உரிமையில்லை என ஒதுங்கிவிடக்கூடும். 'முழு வேலையிழப்புத் திறன்' என்றாற்போன்ற சுற்றிவளைப்பும் வேண்டுவதில்லை. 'எவ்வேலைக்கும் இயலாமை' எனத் தெளிவாகக் கூறிவிடலாம்.

7. தமிழ் மரபு தரும் வழி

ஃபெர்த்தும் சின்க்ளேரும் கூறிய நெறி தமிழ் இலக்கண மரபுக்கு அயலானதன்று. தொல்காப்பியர் உரியியலில், ஒரு சொல் பல பொருளுக்கும் பல சொல் ஒரு பொருளுக்கும் உரியவாதலைத் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கின்றார். 'உறு', 'தவ', 'நனி' ஆகிய மூன்றும் மிகுதிப் பொருளன என்கின்றார். பிற்காலத்து நன்னூல் இவற்றோடு 'சால', 'கூர்', 'கழி' என்பவற்றையும் சேர்க்கின்றது. இம்மட்டில் இதுவும் ஒரு நிரலே. ஆனால் தொல்காப்பியர் நிரலோடு நிற்கவில்லை. உரிச்சொல்லின் பொருளை, அதற்கு முன்னும் பின்னும் வருவனவற்றை ஆராய்ந்து, பொருந்திய சொல்லோடு கூட்டி உணர்த்தவேண்டும் என்னும் கருத்தை அவ்வியலின் இறுதிப் பகுதியில் வைக்கின்றார். நிரலும் வேண்டும், சேர்க்கை நோக்கும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இன்றைய இருமொழி அகராதிகள் இவற்றுள் முன்னதைக் கைக்கொண்டு பின்னதைக் கைவிட்டன என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

8. அகராதிப் பதிவுக்கு ஒரு மாதிரி

ஒவ்வொரு நிறைவுச் சொல்லுக்கும் நான்கு செய்திகள் தரப்படுதல் வேண்டும்: எதிர்ச்சொல், வழக்கமான துணைச்சொற்கள், தொடரில் நிற்கும் இடம், மனப்பான்மை. எடுத்துக்காட்டாக மூன்று பதிவுகள் வருமாறு:

'அட்டர்': எதிர்ச்சொல் இல்லை. பெயருக்கு முன் மட்டும் வரும். பெரும்பாலும் தீயவற்றோடு சேரும். படு- (தோல்வி), பெரும்- (குழப்பம்), சுத்த (பிதற்றல்), அடியோடு (வினையடையாயின்).

'ஷியர்': எதிர்ச்சொல் இல்லை. பெயருக்கு முன் வரும். அளவு, ஆற்றல், முயற்சி, நல்வாய்ப்பு என்பவற்றோடு சேர்ந்து காரணம் சுட்டும். 'ஒன்றாலேயே' என ஏகாரம் கொடுத்துப் பெயர்க்க. துணிக்கு அடையாயின் 'மெல்லிய'. மலைச்சரிவுக்கு அடையாயின் 'செங்குத்தான'.

'அப்சலூட்': (1) எதிர் 'ஒப்பு' எனில், தனி. (2) எதிர் 'நிபந்தனைக்குட்பட்ட' எனில், நிபந்தனையற்ற, விலக்கற்ற. (3) எதிர் 'இடைக்கால' எனில், அறுதி, இறுதி. (4) எதிர் இன்றி வெறும் மிகுதி சுட்டின், சேரும் பெயருக்கேற்பச் சுத்த, வடிகட்டிய, பரம முதலியன.

இவ்வாறு விரித்தால் அகராதி பெருத்துவிடும் என்பது ஏற்கத்தக்க தடையே. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற பெரும்பணிகள், ஒவ்வொரு சொல்லுக்கும் இயன்ற நிகரன்களைத் திரட்டித் தருவதையே தம் கடமையாகக் கொண்டன. அக்காலத் தேவை அதுவாக இருந்தது. எல்லாச் சொற்களுக்கும் இவ்விரிவு வேண்டா. அடைகளாக நின்று பிற சொற்களைச் சார்ந்தே பொருள் பெறும் சொற்களுக்கு மட்டும் வேண்டும். ஆங்கிலத்தில் அத்தகைய நிறைவுச் சொற்கள் முப்பது நாற்பதுக்குள் அடங்கும்.

மற்றொரு தடையும் உண்டு. 'முழுமையான' என்னும் சொல் நாளடைவில் பரவலான பொருளை ஏற்று வளர்வது மொழியின் இயல்புதானே, 'வெரி' என்பதும் 'உண்மையான' என்னும் பொருளை இழந்து வளர்ந்தது அன்றோ எனலாம். மக்கள் வழக்கில் இயல்பாக நிகழும் வளர்ச்சியை எவரும் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. ஆயின் மக்கள் 'படுதோல்வி' என்றும் 'வடிகட்டிய முட்டாள்' என்றும் 'ஒரே கூட்டம்' என்றும் வழங்கிக் கொண்டிருக்க, எழுத்தில் மட்டும் 'முழுமையான' என்பது பெருகுவது வழக்கின் வளர்ச்சியன்று, அகராதியின் நிழல்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. ஆங்கில நிறைவுச் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல; பிறப்பாலும் சேர்க்கையாலும் இடத்தாலும் மனப்பான்மையாலும் வேறுபட்டவை. நிறைவும் மிகுதியும் ஒன்றல்ல. இவற்றிற்கு நிகரான வேறுபாடுகள் தமிழ் வழக்கில் முன்னொட்டுகளாகவும் பெயரெச்சங்களாகவும் இடைச்சொற்களாகவும் உள. அகராதிகளே அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. கலைச்சொல்லாக்கத்தில் நிகரனைக் காட்டிலும் எதிர்ச்சொல்லே நம்பத்தக்க வழிகாட்டி.

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்புகளில் 'அட்டர்' என்பதற்குத் 'தமிழ்ச் சொல் யாது?' என வினவும் பழக்கத்தை விட்டு, 'எதனோடு வந்தது? எதற்கு எதிராக நின்றது?' என வினவும் பழக்கத்தை ஏற்படுத்துதல் வேண்டும். அதற்குத் துணையாகத் தமிழின் நிறைவுச் சொற்களையும் அவற்றின் துணைச்சொற்களையும் தரவுகளினின்று தொகுக்கும் பணியை மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளலாம். அப்பணி சிறிதே, அதனால் பயன்பெறுவோர், வகுப்பறை மாணவர் முதல் நீதிமன்ற வாயிலில் நிற்கும் தொழிலாளி வரை, பலராவர்.